அண்ணாச்சி பிடுங்கிய பிளக்

தவசிமுத்து அண்ணாச்சிக்கு ஓசியில் வரும் எதையும் பிடிக்காது. ராஜபாளையத்தில் முப்பது வருஷமாக மைக் செட் போடுகிறவர். ஓசியில் வயர் கொடுத்தவன் மறுவாரமே வந்து ஆம்ப்ளிஃபயரை இரவல் கேட்பான் என்று பட்டுத் தெரிந்தவர். அதனால், பாட்டுப் பதிகிற சாப்ட்வேர் ஒன்று புஸ்தகத்தோடு வந்த சிடியில் சும்மாவே கிடைக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் சென்டர் அசன் முகம்மது சொன்னபோது, சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செஞ்சவன் யாருலே?”

“யார் யாரோ, அண்ணாச்சி. அங்கங்க இருந்து சேந்து செய்யுதாவ. எப்படிச் செஞ்சோம்ங்கிறதையும் உள்ளயே வச்சிருக்காவ. நாமளும் மாத்திக்கிடலாம்.”

“செய்முறையவும் குடுக்கானா? ஒண்ணு கிறுக்கனா இருப்பான், இல்ல களவாணியா இருப்பான்.”

ஆனால் வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. பவனியில் பாடகர் குழுவின் புதுப்பாட்டுகளைக் கேசட்டில் போடுவதாக அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். தபலா அடிக்கும் பேச்சிமுத்துவோ தேவதானம் ரோட்டில் சைக்கிளோடு விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டான். கேசட் வராவிட்டால் தளவாய்புரம் செட்டுக்காரனைக் கூப்பிடப்போவதாகக் கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார். ஒருமுறை கைமாறிய பண்டிகை திரும்பி வராது.

பேச்சிமுத்து கட்டுப்போட்ட கையோடு சென்டரில் வந்து உட்கார்ந்தான். அவன் வாயால் தாளம் சொல்லச் சொல்ல, அசன் மவுசால் ஒவ்வொரு அடியையும் திரையில் புள்ளியாக வைத்தான்; புள்ளி இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் தபலா அடித்தது. தப்பான புள்ளியைப் பேச்சிமுத்து திட்டித் திட்டி நகர்த்தினான். மூன்று பாட்டுக்கு இரண்டு நாள் ஆயிற்று; ராத்திரியும் பெட்டியை அணைக்கவில்லை. சனிக்கிழமை காலை அவன் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போய்விட்டான்.

அன்று பத்து மணிக்குப் பாடகர் குழுவை நடத்தும் ஞானபாக்கியம் டீச்சர் ஆறு பெண்களோடு வந்தார். காற்றாடியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பாடினார்கள். மூன்று பாட்டும் நன்றாக வந்தன. அசன் டீ வாங்கப் போனான்.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. ஆம்ப்ளிஃபயர் சூடேறினால் பாட்டு முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிச் செத்த நேரம் ஆறவிடுவது அவர் தொழில் வழக்கம். பிடுங்கிவிட்டார்.

டீயோடு வந்த அசன் கருத்த திரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

“மொதல்லருந்தே ஒண்ணும் சேவ் பண்ணல, அண்ணாச்சி.”

அப்படியென்றால் என்ன என்று அண்ணாச்சி கேட்டுத் தெரிந்துகொண்டார். பாட்டைத் திரும்பப் பாடலாம். தாளம் சொல்ல மதுரை ஆஸ்பத்திரிக்கா போவது?

மறுபடி போட்டார்கள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கால் மணி நேரம் ஓடின. யாரும் டீயைத் தொடவில்லை. கடைசியில் சாப்ட்வேரைத் திறந்ததும் சின்னக் கட்டம் ஒன்று வந்தது. அசன் படித்துச் சொன்னான்: பாதியில் நின்ற வேலையை எடுத்து வைத்திருக்கிறதாம், திறக்கட்டுமா என்று கேட்கிறதாம். திறந்தான். குரல்கள் போயிருந்தன. பேச்சிமுத்துவின் புள்ளிகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

அண்ணாச்சி திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

“பிளக்கப் பிடுங்க ஒருத்தன் வருவான்னு அவனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குலே. வெவரமானவன்தான்.”

“ஒங்களுக்குன்னே செஞ்சிருக்காவ, அண்ணாச்சி” என்றார் டீச்சர். “வெளிய போய் உக்காருங்க. நாங்க பாடி முடிச்சிட்டுக் கூப்பிடுதோம்.”

முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை, பெண்கள் உள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடியதில் பாட்டு முன்னைவிடத் துள்ளலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பவனி தெரு திரும்பும்போது கமிட்டித் தலைவர் மைக் செட் வேன் பக்கம் வந்து காது கொடுத்தார். பேச்சிமுத்து ஆஸ்பத்திரியில் கிடக்க, தபலா யார் என்று கேட்டார்.

“அவன்தான். வாயால அடிச்சான்.”

தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அடுத்த வருஷத் தேதியை இப்போதே குறித்துக்கொள்ளச் சொன்னார். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார். தலைவர் நகர்ந்ததும் சத்தத்தை இன்னும் ஒரு திருகு கூட்டினார்.