ஒன்றாம் எண்

பாரிஸ் புத்தக வியாபாரி அனுப்பிய டிஸ்கெட்டைக் கம்ப்யூட்டரில் செருகும்போதே நூலக ஊழியை வேதநாயகிக்கு அவசரம். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் இந்தத் தீவின் ஓயாத கியூர்பிப் மழையில் நனைந்து சாக வேண்டியதுதான். கடற்கரை முழுக்க ஹோட்டல்கள் முளைத்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நூலகம் வாங்கவிருந்த ஹோட்டல் தொழில் புத்தகங்களின் விவரங்கள்தான் டிஸ்கெட்டில் இருந்தன. 'இதே எண்ணில் பதிவு இருக்கிறது. மாற்றவா?' என்று திரை கேட்டது. பாழாய்ப்போன கேள்வி! ஒவ்வொன்றாய்ப் பார்க்க யாருக்குப் பொறுமை? எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஆம்' என்று தட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் தேடினால் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூடத் திரையில் இல்லை. கரும்புத் தோட்டத்து வீடுகளில் கேட்டுக் கேட்டு அவற்றை நூலகத்துக்காகச் சேர்த்தவர் நாகலிங்கம், ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா. கோயிலில் உருகி உருகிப் பாடுவார். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அந்தப் பழைய புத்தகங்களில் அச்சிட்ட எண் ஏது? கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அவரே ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டு போனார். ஒன்றாம் எண் அவருடைய அப்பாவின் புத்தகம். வியாபாரியும் ஒன்றிலிருந்தே தொடங்கியிருந்தான். புதிய பதிவு பழையதை விழுங்கிவிட்டது. பழைய அட்டைகள் கம்ப்யூட்டர் வந்த ஜோரில் குப்பைக்குப் போயிருந்தன. நகல் டிஸ்கெட்டில் ஈரத்தால் பூஞ்சை.

அன்றே தலைமை நூலகர் ஜெரால்டினிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேதநாயகியின் வேலை அனுமதி ஜெரால்டினின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அது விழாவிட்டால் குடும்பத்தோடு மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டும். கையெழுத்தானதும் சொல்லிக்கொள்ளலாம், இருப்புக் கணக்கெடுப்பு அடுத்த மாதம்தானே என்று வாயை மூடிக்கொண்டாள் மகராசி.

வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டாள். ஹோட்டல் புத்தகங்களுக்கு இடம் வேண்டுமென்று ஜெரால்டின் அன்றைக்கே கணக்கெடுக்கச் சொல்லிவிட்டாள். ஆட்களுக்குத் தமிழ் தெரியாது. புத்தக முதுகில் ஒன்று என்றிருந்தால் திரையில் காக்டெயில் கலக்கும் முறை என்று வந்தது. பொருந்தாததைக் கழிக்க வேண்டும் என்பது நூலக விதி. லாரி வந்து அள்ளிக்கொண்டு போய், காகித ஆலையில் அரைக்கக் கொடுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தவள் காலி அலமாரியைப் பார்த்தாள். அவள் மேசைமேல் அனுமதித் தாள், கையெழுத்தோடு. சற்று நேரத்தில் நாகலிங்கம் நனைந்தபடி வந்து நின்றார்.

"உங்க நம்பரும் மெஷின் நம்பரும் ஒத்துப்போகல, மிஸ்யே," என்று ஜெரால்டின் கிரியோலில் சொன்னாள்.

நாகலிங்கம் அலமாரியின் வெறும் பலகையைத் தடவினார். பிறகு வேதநாயகி பக்கம் திரும்பினார்.

"அயோ, மதாம். மோ ஃபோத் சா. என் தப்பு. படிச்சவங்க உங்களைக் கேக்காம நானே நம்பர் போட்டேன். அப்பா புஸ்தகமும் போச்சு. மன்னிச்சிடுங்க."

உங்கள் தப்பு இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஜெரால்டின் பக்கத்திலேயே நின்றாள். உள்ளங்கைக்குக் கீழே அனுமதித் தாள் இருந்தது.

"பரவாயில்லை, ஐயா," என்றாள் வேதநாயகி.

அவர் நன்றியோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.