அரை நிமிஷம் பிந்திய சிரிப்பு

1

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் வரட்டும், இது சத்தங்களின் கதைதான். ஒரு சிரிப்பு வழியில் தாமதமாகி, அதனால் இரண்டு பேர் பிரியப் பார்த்த கதை. பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். முடிவுக்கு உங்கள் உதவி எனக்கு வேண்டியிருக்கும்.

கதை எனக்குக் கிடைத்தது, நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், புதன்கிழமைச் சாப்பாட்டில். பக்கத்து நாற்காலியில் ஆர்வில்லா கோப்பெக்கி. பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பில், பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியை முக்கித் தின்றுகொண்டே சொன்னாள்: "நான் டெல்மருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். அவன் எனக்குன்னு நினைச்சான். ரெண்டு பேர் நினைச்சதும் பாதி சரிதான்."

அவ்வளவுதான் விதை. மீதியில் கொஞ்சம் அவள் சொன்னது, கொஞ்சம் நான் சேர்த்தது. எது எவருடையது என்று கேட்காதீர்கள். குழம்பில் உப்பைத் தனியாக எடுத்துக் காட்ட முடியுமா?

2

இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"சாம்பல் வானத்தின் கீழ் சோளக்கொல்லை பொன்னாக மின்ன, ஆர்வில்லா சன்னலோரம் அமர்ந்து—"

[போதும். ஆர்வில்லாவுக்குப் பார்வை போய் முப்பது வருஷமாகிறது. அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். டெல்மர் பிறந்ததிலிருந்தே எதையும் பார்த்ததில்லை. இங்கே பொன் யாருக்காக மின்னுகிறது? எனக்காகவா?]

மறுபடி:

"காற்று தெற்கே திரும்பி மாட்டுத் தொழுவ நாற்றத்தைக் கொண்டுவந்தது. கோயில் மணி ஓய்ந்தது. ஆர்வில்லா ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள், மறு காதில் டெலிபோனை வைத்துக்கொண்டாள்."

இது நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் அவளும் டெல்மரும் அப்படித்தான் இருப்பார்கள்.

3

அவர்கள் இருவரும் கேட்கும் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பார்வையில்லாதவர்களுக்காகப் பத்திரிகை படித்துக் காட்டும் நிலையம் ஒன்று இங்கே உண்டு. அது இலவசமாகக் கொடுக்கும் வானொலிப் பெட்டி அந்த ஒரு நிலையத்தை மட்டும்தான் எடுக்கும். ஒரே ஒரு குமிழ். காலையில் செய்தி, மதியம் மளிகைக்கடை விளம்பரம், மாலையில் மரண அறிவிப்பு. ஞாயிறு நண்பகலில் படக்கதைகள். ஆமாம், படக்கதைகளையும் படிப்பார்கள்! கிளிஃபர்ட் ஹாஸ்கின்ஸ் என்று ஒருவர், மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டு ஓய்ந்தவர், கட்டம் கட்டமாகச் சொல்வார்: "முதல் கட்டத்தில் நாய் சோபாவில் படுத்திருக்கிறது. இரண்டாவதில் அம்மா வருகிறாள், இடுப்பில் கை. மூன்றாவதில் நாய் தரையில், அம்மா சோபாவில், இருவர் முகத்திலும் திருப்தியில்லை."

(ஏலக்காரர் நிறுத்தி நிதானமாகப் படிக்கக் கற்றுக்கொண்டதே தனிக் கதை. இன்றைக்கு வேண்டாம்.)

டெல்மர் ஆஸ்ட்ராண்டர், மாவட்ட நீதிமன்றத்தில் காபியும் மிட்டாயும் விற்கும் கடையை நாற்பது வருஷம் நடத்தியவர். மனைவி இல்லை. ஆர்வில்லாவுக்கும் கணவர் போய்ச் சேர்ந்தாயிற்று. இருவரும் ஊரின் இரண்டு கோடியில். நடுவே அந்த ஒரு மணி நேரம்தான் பாலம்.

"யோவ் டெல்மர், வாயில என்ன வச்சிருக்க? எனக்கு நாயும் கேக்கல, சோபாவும் கேக்கல."

"முறுக்கு மாதிரி ஒண்ணு. உனக்குப் பொறாமை."

(முறுக்கு நான் போட்டது. அவர் மென்றது உப்புப் பிஸ்கட்.)

4

அந்த வருஷம் நிலையத்தில் ஒரு பேச்சு எழுந்தது. பெட்டிக்கு அனுப்பும் அலையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இணையத்துக்கே மாற்றினால் என்ன? டெல்மர் கொதித்தார். நேயர் கூட்டத்தில் எழுந்து பேசினார்: "பண்ணை வீட்டுல இருக்கற கிழவன் கடவுச்சொல்ல எங்க தடவித் தேடுவான்? குமிழத் திருப்பினா பேசணும். அவ்வளவுதான் எங்களுக்கு வேணும்." மறுப்பு மனுவில் முதல் பெயராக ஆர்வில்லாவின் பெயரைச் சொன்னார். அவளும் "சரி" என்றாள்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவளிடமும் ஒரு நியாயம் இருந்தது, அதை அவள் வெளியே சொல்லவில்லை. பெட்டியில் கிளிஃபர்டின் குரலுக்குப் பின்னால் பக்கத்து நிலையத்தின் பாட்டு எப்போதும் கசியும், சுவரில் ஈரம் கசிகிற மாதிரி. அரிசோனாவிலிருந்து மகள் ஜனெல் வாங்கி அனுப்பிய இணையக் கருவியில் கிளிஃபர்ட் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. அதோடு ஒரு பொத்தான். அழுத்தினால் கிளிஃபர்ட் நடு வாக்கியத்தில் வாயை மூடுவார், அவள் அடுப்பைப் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருப்பார்.

"ஒரு ஆம்பிளைய பாதியில நிறுத்தி, திரும்பி வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து பேச வைக்கறது," என்றாள் என்னிடம், "என் கல்யாணத்துல கிடைக்காத சுகம்."

அப்படியாக மனுவில் முதல் பெயர் கொடுத்தவள் பெட்டியை அலமாரியில் வைத்தாள்.

5

இணையத்தில் குரல் வந்து சேர அரை நிமிஷம் பிந்தும். அது அவளுக்குத் தெரியாது. அவள் மாறியது அவருக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு, நாய்க் கதை முடிவதற்கு முன்பே டெல்மர் சிரித்தார். ஆர்வில்லாவின் காதில் கிளிஃபர்ட் இன்னும் இரண்டாம் கட்டத்திலேயே இருந்தார்.

'தனியாவே சிரிக்கறானே, பாவம்,' என்று அவள் நினைத்தாள்.

அரை நிமிஷம் கழித்து அவள் சிரித்தாள்.

'புரியறதுக்கு இவ்வளவு நேரமாகுதே, பாவம்,' என்று அவர் நினைத்தார்.

இரண்டு மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அவள் அவருக்காக ஜெபித்தாள். அவர் அதோடு நிற்கவில்லை, அவளுக்குச் சோதனை வைத்தார்.

"ஆர்வி, சும்மா கேக்கறேன். கிழமைகள பின்னாடியிலேர்ந்து சொல்லு பாப்போம்."

"நீ சொல்லு. நீதான் ஜோக் வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கற."

"வந்தப்பறம்தான்ம்மா சிரிக்கறேன்," என்றார் டெல்மர், மிக மெதுவாக, மிக அன்பாக. அந்த அன்பு அவள் முதுகைச் சில்லிட வைத்தது.

பிறகு அரிசோனாவிலிருந்து மகளின் அழைப்பு. "அம்மா, டெல்மர் மாமா கூப்பிட்டாரு. டாக்டர்கிட்ட ஒரு தடவை..."

ஆர்வில்லா நிலையத்துக்கு டெலிபோன் போட்டாள். பொறுப்பில் இருந்த போலெட் வில்கோக்ஸ் சாவகாசமாகச் சொன்னாள்: "இணையத்துல கேட்டா கொஞ்சம் பிந்தித்தான் வரும், செல்லம். எல்லாரும் கேக்கறதுதான்."

6

இங்கே எனக்கு ஆர்வில்லாமீது சந்தேகம் வந்தது. உண்மை தெரிந்த உடனே சொல்லியிருக்க வேண்டாமா? என் கதையில் சொல்ல வைத்து எழுதினேன். கிழித்துவிட்டேன். ஆர்வில்லா சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு, புத்தி மழுங்கியவளாகவே இருந்தாள். துரோகி என்பதைவிட மந்தம் என்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

அதில் இன்னொன்றும் இருந்தது. டெல்மர் அவளுக்கு ஜோக்குகளை விளக்க ஆரம்பித்திருந்தார்.

"அவசரமில்ல, ஆர்வி. நாய் இருந்த இடத்துல அம்மா உக்காந்துட்டாங்க. சோபா ஒண்ணுதான். ஆனா ரெண்டு பேருக்கும் வேணும்ங்கறது அந்த சோபா இல்ல. அதுல என்ன சிரிப்புன்னா—"

கேலி செய்யாத டெல்மரை அவள் அதுவரை கேட்டதேயில்லை. நாற்பது வருஷம் கடையில் நின்று வக்கீல்களையே வாயடைத்த மனுஷன், அவளுக்காக ஒரு நாயைப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"டெல்மர், நிறுத்து. எனக்குப் புரியுது."

"புரியும், புரியும்."

"இல்லய்யா. நான் பெட்டியில கேக்கறதில்ல. இணையத்துல கேக்கறேன். அது பிந்தி வருது. என் மூளை நல்லாத்தான் இருக்கு. உன்னோடதும்."



"அப்ப உனக்கு ஒண்ணும் இல்லயா?"

"ஒண்ணும் இல்ல."

"கடவுளே, நன்றி," என்றார் டெல்மர். பிறகு, அந்த நன்றி தீர்ந்துபோன இடத்தில்: "மனுவுல உன் பேரத்தான் மொதல்ல சொன்னேன்."

"தெரியும்."

டெலிபோன் வைக்கப்பட்டது. (படாரென்று என்று எழுதியிருந்தேன். ஆர்வில்லா திருத்தினாள்: "இல்ல, மெதுவா வச்சான். அதான் வலிச்சுது.")

7

அடுத்த ஞாயிறு டெலிபோன் அடிக்கவில்லை. கிளிஃபர்ட் படித்தார். அவள் பொத்தானை அழுத்தி அவரை நிறுத்தினாள். மறுபடி ஓடவிடவில்லை. நிறுத்துவதில் சுகம் எதுவும் இல்லை.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்: அவள் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து, பாட்டுக் கசிவோடு சமாதானமாகிறாள். [இல்லை. அவள் விரும்பியது தப்பில்லை.] நிலையம் அலையையும் இணையத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது, கைதட்டல். [போலெட்டுக்கே இன்னும் தெரியாது, நான் யார் தீர்ப்புச் சொல்ல?] டெல்மர் வீட்டு வாசலில் பூங்கொத்தோடு— [சீ.]

நடந்தது இதுதான். அதற்கடுத்த ஞாயிறு நண்பகல் டெலிபோன் அடித்தது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

கிளிஃபர்ட் ஒரு பூனைக் கதை படித்தார். ஆர்வில்லா ஒரு காதில் பூனையையும் மறு காதில் டெல்மரையும் வைத்துக்கொண்டு, அவர் முந்திச் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. அவளுடைய கிளிஃபர்ட் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். பூனை மீன்தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. அவள் சிரித்தாள்.

அதே நொடியில் அவரும் சிரித்தார்.

பெட்டியை விட்டு அவரும் இணையத்துக்கு மாறிவிட்டாரா? கூட்டத்தில் எழுந்து நின்ற மனுஷன்? அல்லது பெட்டியிலேயே கேட்டு, அரை நிமிஷம் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கி, அவள் வந்து சேரும்வரை வைத்திருந்தாரா? அந்தச் சிரிப்பு மூச்சுமுட்டி வெளியே பாய்ந்தது போலத்தான் இருந்தது என்கிறாள். ஆனால் டெல்மர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பார் என்றும் சொல்கிறாள்.

"கேட்டியா அவன்கிட்ட?" என்றேன்.

"எதுக்கு?" என்று ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

நானும் கேட்கவில்லை. டெல்மருக்கு எது பொருந்தும் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதை வைத்தாலும் ஒரு மனுஷர் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார். அதுவரை என்னால் சொல்ல முடியும்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு சூடாகவும் கதவு தாழில்லாமலும் இருக்கட்டும். பிள்ளைகள் பசியறியாமல் வளரட்டும். ஒருவருக்கு முன்னதாகவும் ஒருவருக்குப் பின்னதாகவும் சந்தோஷம் வந்து சேரும் நாளில், முந்தியவர் காத்திருக்கும் வீடாக உங்கள் வீடு நீடூழி வாழட்டும்.