கொடுக்காத மாத்திரைக்கு ஒரு கட்டம்

1

இந்தக் கதை அலுவலக வேலையில் பிறந்தது, மறைப்பானேன்? ஒரு மருத்துவமனையில் டாக்டர் எழுதும் மருந்து உத்தரவு கணினிக்குள் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று படம் வரைவது என் பிழைப்பு. மொத்தம் ஐந்து கட்டம்: எழுதியது, சரிபார்த்தது, அனுப்பியது, கொடுத்தது, தவறவிட்டது. கடைசி இரண்டில் ஒன்றைத் தொட்டால் உத்தரவு முடிந்தது.

அதே மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் அண்ணி, அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மாத்திரைக்கும் ஒரு வாழ்க்கை உண்டு, அது...

(வேண்டாம். வாழ்க்கை விழுங்குகிறவருக்குத்தான்.)

இரண்டாவது முயற்சி: ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கப் போன அண்ணி, முதலில் அளந்து பார்த்தார். அழுத்தம் ஏற்கெனவே மிகவும் இறங்கியிருந்தது. மாத்திரையும் உள்ளே போனால் மனிதர் மயங்கி விழுவார். கொடுக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தார், அவரும் சரி என்றார். பதியப் போனால் கணினியில் இரண்டே பொத்தான். கொடுக்காததைக் கொடுத்ததாகச் சொல்ல மனம் வராமல் 'தவறவிட்டது' என்பதை அழுத்தினார். வார்டில் இப்படி அடிக்கடி நேரும். மாதக் கடைசியில் கணினி எல்லாவற்றையும் கூட்டிக்காட்டியது. கவனக்குறைவு என்று விசாரணை, வேலை போகலாம்.

3

இங்கே அண்ணியை அழவைத்திருந்தேன். படித்துப் பார்த்தவர், "நான் எப்ப அழுதேன்? அடிச்சிடு," என்றார். அடித்துவிட்டேன்.*

"என் வேலை போனா போகட்டும். அடுத்து வர்றவ பயந்துக்கிட்டு மாத்திரைய கொடுத்துடுவா. அத எழுது."

(* அழுதது நான். அதை அவர் படிக்கவில்லை.)

4

'நிறுத்திவைத்தது, காரணத்துடன்' என்று ஆறாவது கட்டம் வரைந்து மேலாளரிடம் நீட்டினேன். கட்டம் கூடினால் கணக்கு குழம்பும் என்றார். அண்ணிக்காகப் படத்தை வளைக்கிறேன் என்றும் சொன்னார். ஆமாம், அண்ணிக்காகத்தான். யாருக்காகவும் வளையாத படத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னார். "நீங்களே எடுங்க சார். எடுத்தவர் பேர் உங்க பேரா இருக்கட்டும்," என்றேன். அவர் எடுக்கவில்லை. ஒப்புதலும் தரவில்லை.

5

முடிவு அ: விசாரணையில் எல்லோரும் எழுந்து நின்று அண்ணிக்குக் கைதட்டுகிறார்கள். (சினிமா.)

முடிவு ஆ: அண்ணி தலைகுனிந்து மன்னிப்புக்...

(கேட்க மாட்டார். நானும் எழுத மாட்டேன்.)

நாளை விசாரணை. முடிவு என்னிடம் இல்லை. கதையில் இருந்த பெரியவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் படுக்கையில் இப்போது நீங்கள் படுத்திருக்கிறீர்கள். உங்கள் அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. மாத்திரையோடு வந்து நிற்பவர் அண்ணி இல்லை, வேலைக்குப் பயந்த வேறொருவர். அவரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?