ஸ்டெரியோஸ் பார்க்காத அரை நிமிடம்

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் முதுகுதான் காரணம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டினால் எனக்குத் தாங்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கிரீஸின் மெட்சோவோ மலையூரில் வெண்பனி மெல்ல—’ வேண்டாம். பனியை அழகாக எழுதினால் ஸ்டெரியோஸ் சிரிப்பார். முப்பது வருடமாகச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். அவருக்குப் பனி என்றால் வேலை.

அதனால்தான் மகள் தெஸ்போ படிப்பை விட்டுவிட்டுப் பனிச்சறுக்குக்குப் போனபோது, “நான் நாள் பூரா தள்ளுறேன், நீ அதுல விளையாடப் போறியாக்கும்? போ, இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காத” என்று சொல்லிவிட்டார். அவளும் ரோஷக்காரி. பதினான்கு மாதமாக அப்பாவோடு பேச்சு இல்லை. அம்மா அசிமினாவின் போனுக்கு மட்டும் அழைப்பாள்.

2

(இங்கே ஸ்டெரியோஸை இன்னும் கல்நெஞ்சக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒரு பொட்டலம் குறுக்கே வந்துவிட்டது.)

குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் தெஸ்போதான் நாட்டின் கொடியைப் பிடிக்கப்போகிறாள் என்று தெரிந்ததும், அசிமினா மகளுக்குப் பாலாடைக்கட்டிப் பொட்டலம் அனுப்பினாள். அதற்குள் ஸ்டெரியோஸ் தன் பழைய சிவப்புக் கம்பளிக் கையுறையைச் செருகிவிட்டார். சீட்டு எதுவும் எழுதவில்லை. அணியின் கையுறை நீலம். அவள் கையில் சிவப்பு தெரிந்தால் மன்னித்துவிட்டாள். நீலம் என்றால் இல்லை. விழா அன்று மாலை என் காதில் மட்டும் இதைச் சொன்னார். பாவமாக இருந்தது.

3

நவும் நடத்தும் காபிக்கடையில் ஊரே டிவி முன்னால் கூடியிருந்தது. அணிவகுப்பில் எப்போதும் முதலில் வருவது எங்கள் கிரீஸ்தான். அசந்தால் போச்சு. ஆகவே ஸ்டெரியோஸ் எல்லோருக்கும் சீக்கிரமே சிபுரோ சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முன்வரிசை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தார்.

கொடியின் நுனி தெரிந்தது. எங்கள் ஊரில் வாழ்த்தைத் தள்ளிப்போடத் தெரியாது. அந்த நொடியே எழுந்துபோய்க் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாக வேண்டும். நாற்பது பேர் எழுந்தோம். ஸ்டெரியோஸ் மேல் முதலில் பாய்ந்தவன் நான்.

நாங்கள் விலகியபோது திரையில் அல்பேனியா போய்க்கொண்டிருந்தது.

“எம் பொண்ணு எங்கடா?” என்றார் ஸ்டெரியோஸ்.

“போயிட்டாளே அண்ணே” என்றான் நவும்.

சிரித்தாள் என்றார்கள், அழுதாள் என்றார்கள். கையுறை என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றான் நவும். சிவப்பு என்று சத்தியம் செய்தார் பாதிரியார். வெறுங்கை என்றார் கசாப்புக்கடைக்காரர். மூவருக்கும் சண்டையே வந்துவிட்டது.

4

போனில் திரும்பப் பார்க்கலாமே என்கிறீர்கள். ஒரு புயலைக் கிளப்பி இணைப்பை அறுத்துவிடலாமா என்று யோசித்தேன். எனக்கே வெட்கமாகப் போயிற்று. உண்மையில் நவும் ஒரே நிமிடத்தில் காட்சியைத் தேடி எடுத்து நீட்டினான். ஸ்டெரியோஸின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. அழுத்தவில்லை. பயந்துவிட்டார்.

முடிவு அ: சிவப்பு. எல்லோரும் அழுகிறோம். (ரொம்ப இனிப்பு.)

முடிவு ஆ: நீலம். அவர் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு— (எழுத மனசு வரவில்லை.)

5

நான் யோசிக்காத ஒன்று நடந்தது. முதலில் போனவர்கள், மற்ற எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்து முடியும்வரை சும்மாதானே இருக்க வேண்டும்?

போன் அடித்தது. பக்கத்திலிருந்த அசிமினா தன்னுடையதை எடுத்துப் பார்த்தாள். அதுவல்ல. ஸ்டெரியோஸின் சட்டைப் பை.

“அப்பா, பாத்தியா?”

“இல்லம்மா. இந்தத் தடிப்பசங்க என்னைக் கட்டிப்பிடிச்சு மறைச்சுட்டானுங்க.”

அவள் சிரித்தது கடை முழுக்கக் கேட்டது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“கை குளுருதாம்மா?”

அதற்கு அவள் ஏதோ சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை, அதற்குள் நாற்பது பேரும் அவரை மறுபடி கட்டிப்பிடித்துவிட்டோம்.

ஆக, நிறம் எனக்குத் தெரியாது. அந்த அரை நிமிடமும் என் முதுகுதான் திரையைப் பார்த்திருந்தது. அன்று வீட்டில் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள். தெரிந்தால் நவும் கடைக்கு வந்து சொல்லுங்கள், சிபுரோ என் கணக்கு. ஆனால் ஸ்டெரியோஸ் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நவும் எடுத்துக் கொடுத்த காட்சியை அவர் இதுவரை பார்க்கவில்லை.