ஹாலில் வந்து சொல்

கதவைத் திறந்த கையோடு மகாராணி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "எத்தனை வருஷம் ஆச்சுடி மிளகா!" என்று காதுக்குள்ளேயே கத்தினாள். மிளகா இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். பின்னால் பழப்பையோடு நின்ற கணவருக்குத்தான் சங்கடமாகிப்போனது. "லிஃப்ட்ல ஏறினதுலேருந்து இவளுக்குத் தலை சுத்தல்" என்று அவராகவே ஒரு பொய்யைச் சொல்லிச் சிரித்து வைத்தார். தலை சுற்றலாவது ஒன்றாவது. அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மிளகா, மகாராணி, பூனை என்பதெல்லாம் ஆஸ்பத்திரி லேபில் வைத்த பெயர்கள். மூன்று பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுவதால் இவள் மிளகா. தன் வேலையை அடுத்தவள் தலையில் கட்டிவிட்டு அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிற சாமர்த்தியம் இருந்ததால் அவள் மகாராணி. நடந்தாலும் சத்தம் கேட்காது, பேசினாலும் கேட்காது என்பதால் மூன்றாமவள் பூனை. மிளகா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மகாராணி மூன்று மாதத்துக்கு முன்தான், லேபின் தலைமைப் பதவியிலிருந்து, மாலை மரியாதையோடு வீட்டுக்கு வந்தாள். பொழுது போகவில்லை போலிருக்கிறது. 'லேப் தங்கங்கள்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்து, காலையில் பூ, மாலையில் பொன்மொழி என்று அனுப்பிக் கழுத்தறுத்தாள். மிளகா ஒன்றுக்கும் பதில் போடவில்லை. 'ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்கடி, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க' என்று வந்தபோதுதான் முதல் முறையாக 'வரோம்' என்று தட்டினாள். வீட்டுக்காரரையும் என்று இருந்ததே, அதற்காகத்தான்.

லேபில் காலை ஆறு மணிக்கு ஒரு வேலை உண்டு. நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு திரவத்தை மெஷினில் விட்டுப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் என்பார்கள். மெஷின் சரியான எண்ணைக் காட்டினால் அன்றைய வேலையைத் தொடங்கலாம். இல்லாவிட்டால் சரி செய்கிறவரை ஒரு சொட்டு ரத்தம் உள்ளே போகக் கூடாது. கையுறை போட்ட கை பதிவேட்டைத் தொடக் கூடாது என்பதால், மெஷினிடம் நிற்பவள் எண்ணைச் சொல்வாள், பேனா பிடித்தவள் அதை எழுதித் தன் கையெழுத்தைப் போடுவாள். சொன்னது யார் என்று எழுத அதில் இடமே கிடையாது. பதின்மூன்று வருடம் ஒருத்தி வாயை இன்னொருத்தி நம்பித்தான் வண்டி ஓடியது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, நைட் ட்யூட்டி முடிந்து பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மகாராணி கன்ட்ரோலை ஓட்டவே இல்லை. கையுறையோடு மெஷின் பக்கத்தில் நின்றபடி, "நாலு புள்ளி ஒண்ணு, எழுதிக்கோ" என்றாள். மிளகா எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். பூனை அடுத்த மேஜையில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று மெஷின் எல்லாருடைய பொட்டாசியத்தையும் குறைத்துக் காட்டியது. அதை நம்பி வார்டில் ஒருவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிட்டார்கள். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி, அந்த மனிதர் மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து, எப்படியோ பிழைத்தார். விசாரணைக்கு வந்தவர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தால், அன்றைய கன்ட்ரோல் பாட்டில் சீல்கூட உடைக்காமல் உட்கார்ந்திருந்தது. பதிவேட்டில் இருந்தது மிளகாவின் கையெழுத்து.

பாட்டில் கிடைத்த அன்று சாயங்காலமே மகாராணி வீடு தேடி வந்தாள். உள்ளே வரவில்லை. மாடிப்படியில் வைத்துக் காலைப் பிடித்தாள். ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தாள், மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், கையில் சின்னப் பையன். "உன்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்கடி. ஒரு மாசம் போகட்டும், நானே பெரிய டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு" என்று அழுதாள். மிளகா பண்ணித் தொலைத்தாள். அந்த ஒரு மாசம் வரவே இல்லை. திட்டிவிட்டு விடவும் இல்லை. சாம்பிள் வாங்குகிற ஜன்னலுக்கு அவளைத் தூக்கிப் போட்டார்கள். இருபது வருடம் அங்கே உட்கார்ந்து குழாயில் பேர் ஒட்டினாள். எட்டு வருடம் கழித்து மகாராணி தலைமைக்கு வந்தபோது ஜன்னல் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் அதைவிட மோசம். கணவர் கெட்டவர் இல்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர். அடுப்பை அணைத்தேனா என்று அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் போதும், "பாத்துக்கோ, லேபுல கோட்டை விட்ட ஆளாச்சே" என்பார். வேடிக்கைக்குத்தான் சொல்வார். ஆனால் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது மாத்திரை டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அம்மாகிட்ட வேணாம்மா, அவளுக்குக் கவனம் பத்தாது. நான் எடுத்துத் தரேன்." மகளும் சரியென்று தலையாட்டினாள். அன்று மிளகா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவளே உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். பெற்ற பெண் மேல் பண்ணின சத்தியம் என்ற பயம் ஒரு பக்கம். சொன்னாலும் சப்பைக்கட்டு கட்டுகிறாள் என்றுதான் நினைப்பார்கள் என்கிற ஆத்திரம் மறுபக்கம். அது மகாராணி வாயால் வர வேண்டும், இவர் காதால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இன்று வந்தாளே தவிர, சோற்றுக்கு இல்லை.

பூனை ஏற்கெனவே வந்து சோபாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மகாராணியின் மருமகள் நல்ல பெண். ஆன்ட்டி ஆன்ட்டி என்று ஓடி ஓடிப் பரிமாறினாள். சாப்பாடு முழுக்க மகாராணி பேச்சுதான். யார் யாருக்கோ சிபாரிசு செய்தது, யார் யாரையோ கண்டித்தது. பேசிக்கொண்டே போனவள் மிளகாவின் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இவ அன்னிக்கு அப்படிப் பண்ணிட்டு நின்னாளே, அப்போ நான் மட்டும் பெரிய டாக்டர்கிட்ட அழுது கெஞ்சலைன்னா இவ வேலையே போயிருக்கும். மனுஷங்கன்னா தப்பு நடக்கும் டாக்டர், இந்த ஒரு தடவை விட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

கணவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இவ சொன்னதே இல்லையேம்மா. ரொம்ப நன்றிம்மா" என்றார்.

நன்றியாம்! மிளகாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

"திரும்பச் சொல்லு" என்றாள்.

"எதைடி?"

"இப்போ சொன்னியே, அதை. உன் வாயால இன்னொரு தடவை கேக்கணும்."

"விடுடி, பழங்கதை. சாப்பிடு."

"பூனை, நீ சொல்லு. நாலு புள்ளி ஒண்ணுன்னு அன்னிக்குச் சொன்னது யாரு?"

பூனை தட்டைப் பார்த்தாள். "ரொம்ப நாளாச்சுல்ல" என்றாள், தட்டுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"நான் போய் டீ போடறேன்" என்று மகாராணி எழுந்தாள். மிளகாவும் கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

சமையலறைக் கதவைச் சாத்தியதுமே மகாராணியின் முகம் வேறாகிவிட்டது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நினைக்காத நாள் இல்லைடி. தப்பு என்னுதுதான். என்னை மன்னிச்சுடு, வேணும்னா கால்ல விழறேன்" என்றாள். கண்ணீர் நிஜமாகவே வந்தது. இருபத்திரண்டு வருடமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அந்த வார்த்தை. கேட்டால் மனம் ஆறிவிடும் என்று மிளகா நினைத்திருந்தாள். ஆறவில்லை. இன்னும் பற்றிக்கொண்டு எரிந்தது.

"ஹால்ல வந்து சொல்லு."

"அங்க வேணாம்டி. உன்னை நான்தான் காப்பாத்தினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மகன்கிட்ட, மருமககிட்ட, ரிட்டயர்மென்ட் கூட்டத்துலகூட. இப்போ எப்படி மாத்திச் சொல்றது? இந்த வயசுல என் மானத்தை வாங்காதே."

"அடிப்பாவி! உன் மானமா? இத்தனை வருஷமா என் மானம் எங்கே கிடந்துச்சு?"

"அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே."

"யார்கிட்ட? இந்த மிக்ஸிகிட்டயா? அன்னிக்கு மாடிப்படியில காலைப் பிடிச்சே. இன்னிக்குச் சமையல்கட்டுல பிடிக்கறே. நாலு பேர் இருக்கிற இடத்துல உனக்கு என் கால் கண்ணுக்கே தெரியாதா?" மிளகா கதவுப் பிடியில் கை வைத்தாள். "நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன். நீயா வந்து சொல்ற வரைக்கும் உன் சோபாவை விட்டு எழுந்திருக்கவும் மாட்டேன்."

ஹாலுக்கு வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னடி சண்டை? அந்தம்மா உனக்கு நல்லதுதானே பண்ணியிருக்காங்க?" என்று அவர் காதோடு கேட்டார். முன்பானால் எரிந்து விழுந்திருப்பாள். "அவ ஒண்ணு சொல்லப் போறா. நல்லாக் காதைத் திறந்து வெச்சுக் கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டது, பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் கதவு திறந்தது. இரண்டு கையிலும் டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு மகாராணி வந்தாள். முகத்தைக் கழுவி, பளிச்சென்று சிரித்துக்கொண்டு வந்தாள்.

"குடுங்க அத்தை" என்று மருமகள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நீ உட்காரும்மா. உங்க அத்தைக்கு ஏதோ பேசணுமாம்" என்றாள் மிளகா. உதவிக்கு எழப் போன கணவரின் மணிக்கட்டைப் பிடித்து உட்கார்த்தினாள்.

பூனைதான் பாதி எழுந்துவிட்டாள். லேபில் யாருக்குச் சங்கடம் என்றாலும் நடுவில் போய் எதையாவது வாங்கி, எதையாவது கொடுத்துச் சமாளித்துவிடுகிறவள் அவள். கையை நீட்டக்கூட நீட்டிவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, அந்தக் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள்.

"சொல்லுடி" என்றாள் பூனை. எல்லாருக்கும் கேட்டது.

மகாராணி நின்ற இடத்திலேயே நின்றாள். தட்டை வைக்க மேஜை இரண்டடியில் இருந்தது. மருமகள் அவளையும் மிளகாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்து கோப்பைகளும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட ஆரம்பித்தன. டீ தளும்பித் தட்டில் வழிந்து, விளிம்பு தாண்டி, அவள் பாதத்தின் மேல் சொட்டியது. சூடாகத்தான் இருந்திருக்கும். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மிளகாவின் கணவரைப் பார்த்து, "அண்ணா" என்றாள்.