நெடி ஏறாத மூக்கு

என் முதுகை நிமித்திப் பாக்காத ஆளு எம். புதுப்பட்டியில ஒருத்தர் கெடையாது. போறவ வாறவ எல்லாம் தட்டுவா. "நிமிந்து நடடி ராமுத்தாயி, காசைத் தொலைச்சவ மாதிரி என்ன தரையைப் பாத்துக்கிட்டு?" எங்கம்மா சண்முகத்தாய் ஒருபடி மேல. ரெண்டு தோளுக்கும் குறுக்க கம்பை வச்சுக் கட்டி என்னைச் சமைக்க விட்டா. ஏழு வயசுத் தங்கச்சி முத்துப்பேச்சி வாயைப் பொளந்துக்கிட்டு வேடிக்கை பாப்பா. கட்டை அவுத்தா, கழுத்து பழையபடி ஆமை கணக்கா முன்னால போயிரும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பாலேயே நாலு பேரைச் சாத்தியிருப்பேன்.

எல்லாம் கல்யாணத்துக்காக. மல்லாங்கிணத்து அத்தை மகன் ராக்கப்பனுக்கு என்னைக் கட்டணும்னு சின்னதுலயிருந்தே பேச்சு. எனக்கும் அவுக மேல கொள்ளை ஆசை, அதைச் சொல்ல என்ன வெக்கம்? ஆனா அத்தை கறாராச் சொல்லிட்டாக: "தைக்குள்ள புள்ள நிமிந்து நிக்கட்டும், பரிசம் போடுறேன். கூனியைக் கூட்டிட்டுப் போனா ஊரு சிரிக்கும்."

வீட்டுலதான் கூனி. பட்டாசுக் கம்பெனியில நான் ராணி. மருந்து கலக்குற ஷெட்டுல மத்தவளுக கந்தக நெடி தாங்காம முந்தானையால மூக்கைப் பொத்துவாளுக. எனக்கு ஒண்ணும் செய்யாது. "எம் மகளுக்கு நெடியே ஏறாது, சாமி குடுத்த மூக்கு"ன்னு அம்மா ஊரெல்லாம் பீத்துவா. மேஸ்திரி உக்கிரபாண்டி இந்த மாதிரி மூக்குக்காரிகளைத் தேடித் தேடித்தான் ஷெட்டுக்கு எடுப்பாரு.

அறுபத்து மூணுல, தீவாளி சீசன் முடிஞ்சதும், முதுகுக்கு மருந்து கேட்டு நானும் அம்மாவும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முதுகைத் தொடவே இல்லை. என் மூஞ்சியையே பாத்தாக.

"வாயை மூடும்மா."

மூடினேன். கொஞ்ச நேரத்துல கண்ணு பிதுங்கிருச்சு. வாயைத் தொறந்து மூச்சை இளுத்தேன்.

"எதுக்குத் தொறந்தே?"

"இதென்ன கேள்வி? வாயை மூடிட்டா மூச்சை எது வளியா விடுறதாம்?" வெடுக்குன்னு கேட்டுட்டேன்.

அவுக ஒரு பஞ்சை என் மூக்குக்கு நேராப் புடிச்சாக. அசையலை. அம்மா மூக்குக்கு நேராப் புடிச்சாக. படபடன்னு ஆடுச்சு.

ஆத்தாடி! எல்லாரும் மூக்கு வளியாவா மூச்சு விடுறாக? சத்தியமாச் சொல்றேன், பதினேழு வயசு வரைக்கும் எனக்குத் தெரியாது. மூக்கு இருக்கிறது மூக்குத்தி போடத்தான்னு நெனச்சிருந்தேன்.

"உள்ள சதை வளந்து அடைச்சிருக்கு," டாக்டரம்மா சொன்னாக. "சின்னப் புள்ளையிலயிருந்து வாயாலதான் மூச்சு. அதுக்கு வளிவிட கழுத்து முன்னால நீண்டிருக்கு. கழுத்து போன பக்கம் தோளு, தோளு போன பக்கம் முதுகு. கம்பு கட்டி என்ன செய்ய?"

அம்மாவுக்கு வாய் கொளறுச்சு. "நெடி ஏறலைன்னதும் சாமி குடுத்ததுன்னுல்ல நெனச்சேன்…"

"காத்தே போகாத மூக்குல நெடி எப்படிம்மா ஏறும்?"

"சதையை எடுத்துட்டா நிமிந்துருவேனா?" நான் கேட்டேன்.

"மூச்சு நல்லா வரும். முதுகு கொஞ்சம் தேறும், முளுசா நிமிராது. எலும்பு அந்த வாக்குலயே முத்திப்போச்சு. ஆறேழு வயசுல வந்திருந்தா நிமித்தியிருக்கலாம்."

அத்தை மகன் மொகம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. அங்கனயே ஓன்னு அளுதுட்டேன்.

சதையை எடுத்தாக. நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே அத்தை வேற எடத்துல பொண்ணு பேசி முடிச்சிட்டாகளாம். நல்லாருக்கட்டும்.

ஊரு திரும்பி, மறுபடி கம்பெனிக்குப் போனேன். ஷெட்டு வாசல்ல கால் வச்சேன் பாருங்க, நெடி! மண்டைக்குள்ள ஏறி அடிச்சுச்சு. அடப்பாவிகளா, இதுக்குள்ளயா இம்புட்டு வருசம் இருந்தேன்? மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள போனா, என் எடத்துல முத்துப்பேச்சி உக்காந்து கரித்தூளு சலிச்சுக்கிட்டு இருக்கா. வாய் தொறந்திருக்கு. கழுத்து முன்னால நீண்டிருக்கு.

"நீ இல்லாத கொறையே தெரியலை," மேஸ்திரி சிரிச்சாரு. "ஒங்கய்யா கொண்டாந்து விட்டாரு. அக்கா மாதிரியே, நெடியே ஏறலை!"

அவ மொகத்தைப் புடிச்சு, "வாயை மூடுடி"ன்னேன். மூடினா. கண்ணு பிதுங்குச்சு.

அப்படியே அள்ளி இடுப்புல வச்சேன்.

"ஏ, ஆர்டர் நிக்குது! எங்கன தூக்கிட்டுப் போறே?"

"மதுரைக்கு. இவளுக்கும் நெடி ஏறட்டும்லே, அப்புறம் பேசுவோம்"ன்னேன், மேஸ்திரின்னுகூடப் பாக்காம.