பங்களா குழாயில் குறைந்த தண்ணீர்

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு. மாசியில் நின்ற மழை, ஆடி முடியப்போகிற நேரத்திலும் வரவில்லை. இலங்கையில், கஹவத்தைக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தில் தேயிலையே கருகத் தொடங்கியிருந்தது. அப்படியொரு காலையில் பங்களாச் சமையற்காரர் ஏழுமலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கே ஓடிவந்து யோசப்பைப் பிடித்தார்.

“யோசப்பண்ணே, கையோட வாங்க. கொமட்டுல ஒரு தடவ தண்ணி அடிச்சா, தொட்டி நெறைய முக்கா மணி நேரம் ஆகுது. தொரசாணி படுற பாட்ட பாக்க முடியல.”

யோசப்புக்கு ஐம்பத்து நாலு வயது. இருபது வருடமாகத் தோட்டத்தின் குழாய் வேலையெல்லாம் அவர் கைதான். ஸ்பேனர்களும் வால்வுச் சாவிகளும் கிடந்த சாவிப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மனைவி துரைசாணி, குடலில் ஒரு சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மணிக்கு இரண்டு மூன்று தடவை எழுந்து போகவேண்டிய நிலை. தொட்டி நிரம்பாததால் ஒவ்வொரு தடவையும் ஏழுமலை வாளித் தண்ணீரோடு கதவுக்கு வெளியே காத்து நின்றார். ஓர் ஆண்பிள்ளை அப்படி நிற்பது அந்த அம்மாவுக்கு நோவைவிடப் பெரிய நோவாக இருந்தது.

யோசப் தொட்டியின் மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். மிதவைப் பந்து சரியாகத்தான் ஏறி இறங்கியது. தண்ணீர் வரும் வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். துவாரத்திலிருந்து இரண்டு மணல் பரல்கள் தெறித்தன. ‘இவ்வளவுதானா’ என்று மனம் லேசாயிற்று. மாட்டிவிட்டுக் குழாயைத் திறந்தார். வெற்றிலை எச்சில் வடிவது போலத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கோளாறு தொட்டியில் இல்லை. பங்களாவுக்கு வருகிற தண்ணீரே குறைந்துபோயிருந்தது.

குழாய் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு மலையேறினார். ஒரு மணி நேர ஏற்றம். உச்சியில் டேங்க் முக்கால்வாசி நிறைந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. திரும்பி இறங்கும்போது ஒவ்வொரு முழமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மானாப்புல் மண்டிய ஒரு வளைவில் மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது. கையால் தோண்டினார். பெரிய குழாயில் ஓட்டை போட்டு, ஒரு கறுப்பு அல்காத்தீன் பைப்பைச் செருகி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிச் சுற்றி, மேலே கம்பி முறுக்கியிருந்தார்கள்.

அந்த முறுக்கை யோசப் கண்டதுமே அடையாளம் தெரிந்துகொண்டார். இடப்பக்கமாக மூன்று முறுக்கு, நுனியை உள்ளே மடித்து விடுவது. மருமகன் ரெஜினோல்டுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். போன வாரம் அவரிடம் குறடு இரவல் வாங்கிப் போனவனும் அவன்தான்.

கறுப்புக் குழாய், தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் போய் முடிந்தது. இருபத்திரண்டு வீட்டுக் குடங்கள் வரிசையாக இருந்தன. ரெஜினோல்ட் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றான். மாமனாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“பாத்துட்டீங்களா மாமா?”

“என்னாடா செஞ்சு வச்சிருக்க? தொரைக்குத் தெரிஞ்சா பொலிஸ்ல புடிச்சுக் குடுத்துருவாருடா. இந்தக் காலத்துல நம்ம பொடியன் ஒருத்தன் உள்ள போனா, திருட்டுக் கேசோடயா விடுவானுங்க? புலின்னு எழுதிருவானுங்க.”

“நாங்க தண்ணி புடிக்கிற பீலி காஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. ஆத்துக்குப் போனா மாணிக்கக்கல்லு தோண்டுற குழியில கழுவுன சேத்துத் தண்ணி. அதக் குடிச்சுத்தான் நம்ம புள்ளைக்கு வயித்தால போச்சு. மூணு தடவ ஆபீசுல போயிச் சொன்னோம். பாப்போம் பாப்போம்னு சொன்னாங்களே தவிர யாரு வந்து பாத்தா?”

யோசப்பின் மகள் சரோன் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றாள். பிள்ளையின் கண்கள் குழிவிழுந்து, கால்கள் குச்சியாய்த் தொங்கின. அந்தப் பிள்ளை பிறந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. தோட்டத்து லொறி இல்லாத ஞாயிற்றுக்கிழமை. சரோன் வலியில் துடிக்க, பங்களா ஜீப்பைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தவர் இதே துரைசாணிதான்.

“அத கழட்டச் சொல்லாதீங்கப்பா,” என்றாள் சரோன்.

யோசப் பங்களாவுக்குத் திரும்பினார். சமையலறைக்குப் பின்னால் கிடந்த இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் மணலும் தண்ணீரும் நிரப்பி, இறுக்கமாக மூடி, தொட்டிக்குள் மிதவையில் முட்டாமல் இறக்கினார். போத்தல்கள் பிடித்த இடம் போக மிச்சத்துக்குத்தானே தண்ணீர் வேண்டும்? முக்கால் மணி நேரம் அரை மணியாகக் குறைந்தது.

“மேல போய்ப் பாத்ததா யோசப்?” துரைசாணி கட்டிலில் இருந்தபடியே கேட்டார். சிங்களவரானாலும் தோட்டத்துத் தமிழ் அவருக்கு வரும்.

“டேங்க்ல தண்ணி கொறவுங்கம்மா. மழ பேஞ்சா சரியாப் போயிரும்.”

இருபது வருடத்தில் அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் பொய் அது.

போத்தல் வைத்ததில் இன்னொரு வினை வந்து சேர்ந்தது. தண்ணீர் குறைந்ததால் ஒரு தடவை அடித்தால் போதவில்லை. இரண்டாம் தடவைக்கு மறுபடி அரை மணி நேரம். மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது ஏழுமலை பழையபடி வாளியோடு நின்றார். துரைசாணி சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“பரவாயில்ல யோசப். மழ இல்லாட்டி நீங்க என்ன செய்ய?” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

“டேங்க்ல தண்ணி இருக்குங்கம்மா. நான் பொய் சொல்லிட்டேன்.” பீலி காய்ந்தது, சேற்றுத் தண்ணீர், பிள்ளைகளின் வயிற்றோட்டம், லயத்துக்கு இழுத்த பைப் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தார்.

துரைசாணி மெல்ல நடந்து கட்டிலில் போய் உட்கார்ந்தார். பிறகு, “யார் போட்டது அந்தப் பைப்?” என்று கேட்டார்.

“நான்தாங்கம்மா.”

அன்று மாலை துரையே மலையேறி வந்தார். தோண்டிய குழியைப் பார்த்துவிட்டு, “கவுத மே வெடே கெருவே?” என்று சிங்களத்தில் கத்தினார். யார் செய்த வேலை இது என்று சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்தே கேட்டார். லயத்து ஆட்கள் தலைகுனிந்து நின்றார்கள். ரெஜினோல்ட் ஓரடி முன்னால் வந்தான். யோசப் அவன் தோளைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “மம தமாய் சேர்,” என்றார். நான்தான் என்று சொல்லி, துரையின் முன்னால் போய் நின்றார்.

பொலிசுக்குப் போகாமல் தடுத்தது துரைசாணிதான் என்று ஏழுமலை பிறகு சொன்னார். லயத்துக்கு முறைப்படி ஒரு வால்வு வைக்கவும் அந்த அம்மாதான் பிடிவாதம் பிடித்தாராம். காலையில் இரண்டு மணி நேரம் லயத்துக்கு, மிச்ச நேரம் பங்களாவுக்கு. வால்வைப் பொருத்தியதும் யோசப்தான். அதுவே அவர் செய்த கடைசிக் குழாய் வேலை. மறுநாள் பெரட்டில், “திருடன் கையில சாவி இருக்கக் கூடாதுன்னு தொரை உத்தரவு,” என்று கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் வாசித்தார். சாவிப் பையைப் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவன் வாங்கிக்கொண்டான். யோசப்புக்குப் புல்வெட்டும் வேலையில் பேர் விழுந்தது.

வெயிலில் குனிந்து நிற்பது உடம்புக்குப் புதிது. முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் அதைவிட அவரை அரித்தது, ரெஜினோல்ட் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டதுதான். எதிரே வந்தால் வேறு பாதையில் இறங்கிப் போனான். லயத்துப் பெண்கள் குடத்தை நிரப்பும்போதெல்லாம், “யோசப்பையா புண்ணியம்” என்றார்கள். அதைக் கேட்கும்போது அவன் முகம் இறுகியது.

பதினைந்தாம் நாள் அவனே வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு துணிப்பை.

“கொழும்புக்குப் போறேன் மாமா. கடையில ஒரு வேல இருக்காம்.”

“எதுக்குடா? இப்பதான் தண்ணி வருதே.”

“நான் செஞ்சத நானே சொல்லியிருப்பேன். அடி விழுந்தாலும் எனக்குத்தான் விழுந்திருக்கும். நீங்க என்னைய பின்னால தள்ளுனீங்க பாருங்க... அன்னையிலருந்து லயத்துல யாரு மொகத்தையும் என்னால பாக்க முடியல.”

“புள்ள மொகத்த நெனச்சுத்தான்டா தள்ளுனேன்.”

“தெரியும் மாமா. அதனாலதான் உங்களத் திட்டவும் முடியல.”

அவன் கீழே ரோட்டுக்கு இறங்கி பஸ் ஏறினான். யோசப் சரோனோடு படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வளைவில் மறைந்த பிறகும் சரோன் அசையவில்லை. பிள்ளை அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தது.

“நான் அவன காட்டிக் குடுத்திருக்கணுமா?” என்று அவளிடம் கேட்டார்.

“தெரியலப்பா,” என்றாள் அவள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள்.